உங்க ஃபேவரிட் கேரக்டருக்கு ஓட்டு சேர்க்கறது எப்படி, யாரையும் பகைச்சுக்காம

அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், அதுல வர்ற கேரக்டர்ல யாரு டாப்புன்னு ஆன்லைன்ல ஓட்டு விடறப்ப எல்லாம் எங்க குரூப்புல ஒரே மாதிரிதான் நடக்கும். முதல் நாள் எல்லாரும் ஸ்டிக்கர் போட்டு சிரிப்பாங்க, மூணாவது நாள் பக்கம் பக்கமா மெசேஜ் வரும், அஞ்சாவது நாள் ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு குரூப்ப விட்டே போயிடுவாங்க, ஆனா அவ்ளோ பேசியும் ஒரு ஓட்டு கூட இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நகர்ந்திருக்காது. சிங்கப்பூர்ல இருக்கற தமிழ்ப் பசங்க சேர்ந்து ஒரு டெலிகிராம் குரூப் வச்சிருக்கோம், 150 பேருகிட்ட இருப்போம், வருஷா வருஷம் ஜூன் ஸ்கூல் லீவுல 64 கேரக்டர் வச்சு நாக்அவுட் நடத்துவோம். நாலு வருஷமா நான் அதுல இருக்கேன். முதல் ரெண்டு வருஷம் நான் கொடி புடிச்ச ஆளு முதல் ரவுண்டுலயே காலி. அடுத்த ரெண்டு வருஷம் அரையிறுதி வரைக்கும் போனோம். நடுவுல மாறினது நான் பேசற விதம் மட்டும்தான், வேற ஒண்ணுமில்ல, அதைத்தான் தெரிஞ்ச வரைக்கும் இங்க எழுதி வைக்கறேன், இந்த ஜூன்ல யாருக்காவது உதவும்.

முதல்ல யாருகிட்ட பேசறோம்னு தெளிவா இருக்கணும். அட்டாக் ஆன் டைட்டன் தொடர்ல வர்ற லீவாய்க்காக உயிர விடற ஒருத்தர ஒரே மெசேஜ்ல மாத்திடலாம்னு நெனச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் டைப் பண்ணிக்கிட்டு இருந்தவ நான், அதனால சொல்றேன், முடியாது, அவரும் உங்கள மாத்த முடியாது. பட்டிமன்றம் பாத்திருப்பீங்கல்ல, ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர் அணியில உக்காந்து பேசுவாங்க, ராஜா பேசினதக் கேட்டு பாரதி பாஸ்கர் எந்திரிச்சு வந்து இந்தப் பக்கம் உக்காந்ததா எங்கயாவது நடந்திருக்கா? அவங்க பேசறது கூட்டத்தப் பாத்து, நடுவுல உக்காந்திருக்கற சாலமன் பாப்பையாவப் பாத்து. எங்க குரூப்புலயும் கணக்குப் போட்டா லீவாய் ஆளுங்க ஒரு 25, என் ஆளுங்க ஒரு 15, மத்த நூறு பேரும் வாயே திறக்காம எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே மெசேஜ மேல தள்ளித் தள்ளிப் படிக்கறவங்க. அந்த நூறு பேருதான் உங்க கூட்டம், எதிராளிக்கு ரிப்ளை பண்றப்பவும் அவங்க காதுல விழற மாதிரி பேசுங்க.

இதுக்கு அடுத்தது, நாக்அவுட்ல ஒரு விஷயம் பட்டிமன்றத்துல கூட இல்லாதது. 64 பேருன்னா மொத்தம் 63 மேட்ச், 6 ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டுலயும் பாதி பேரு வெளிய போவாங்க, ஆனா அவங்களோட ஃபேன்ஸ் வெளிய போறதில்ல! அவங்க அங்கயேதான் இருப்பாங்க, கையில ஓட்டும் இருக்கும், மனசுல கொஞ்சம் வலியும் இருக்கும், அடுத்த ரவுண்டுல யாருக்குப் போடறதுன்னு அவங்களுக்கே தெரியாது. இன்னைக்கு நீங்க யார தோக்கடிக்கிறீங்களோ அவங்கதான் நாளைக்கு உங்களுக்கு ஓட்டுப் போடணும். இத மட்டும் மண்டையில ஏத்திக்கிட்டா பாதி சண்டை தானா நின்னுடும், ஏன்னா கேவலமாப் பேசி ஒரு ரவுண்டு ஜெயிச்சவங்கள அடுத்த ரவுண்டுல மொத்தக் கூட்டமும் சேர்ந்து கவுக்கறத நான் ஒவ்வொரு வருஷமும் பாத்துக்கிட்டு இருக்கேன்.

சரி, பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேள்வி என்னன்னு படிங்க. யாருக்கு மவுசு ஜாஸ்தியா, யாரு பலசாலியா, யாரு நல்லா எழுதப்பட்ட கேரக்டரா, இல்ல சும்மா உங்களுக்கு யாரப் புடிக்கும்னு கேக்கறாங்களா? எங்க குரூப்புல பாதி சண்டை இதுலதான் வந்துச்சு, ஒருத்தர் பலத்தப் பத்திப் பேசிக்கிட்டிருப்பார், இன்னொருத்தர் மனசப் பத்திப் பேசிக்கிட்டிருப்பார், ரெண்டு பேருமே சரி, ஆனா பேசறது வேற வேற விஷயம். அட்மின்கிட்ட முதல் நாளே கேட்டு, அந்த வரிய பின் பண்ணி வைக்கச் சொல்லுங்க.

பரிசு என்னன்னும் பாருங்க, இது நெறைய பேரு கவனிக்கறதில்ல. 2022 டிசம்பர்ல நருட்டோங்கற தொடரோட கேரக்டர்களுக்கு உலகம் முழுக்க ஓட்டு விட்டாங்க, நருட்டோப் 99னு பேரு, முதல் இடம் வர்ற கேரக்டருக்கு அந்தக் கதைய உருவாக்கின கிஷிமோட்டோவே புதுசா ஒரு சின்ன மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், வரைவாருன்னு சொல்லியிருந்தாங்க. ஜெயிச்சது மினாட்டோ, நாலாவது ஹொகாகே, அதாவது அந்தக் கிராமத்தோட தலைவர். கதையோட பேருலயே இருக்கற நருட்டோ முதல் அஞ்சு இடத்துல கூட வரல. அந்தக் குட்டி மாங்கா 2023 ஜூலைல வந்துச்சு. என் கணிப்பு என்னன்னா, நருட்டோ கதைய 72 புத்தகமா படிச்சாச்சு, மினாட்டோ கதைய யாரும் முழுசா சொல்லல, அதனால "யாரப் புடிக்கும்"ங்கற கேள்வி ஓட்டுப் போடறவங்க மனசுக்குள்ள "யாரோட கதை இன்னும் வேணும்"னு மாறிடுச்சு. அப்படிப்பட்ட போட்டியில உங்க ஆளு எவ்ளோ நல்லவர்னு பேசறதவிட அவரப் பத்தி நமக்கு இன்னும் என்னெல்லாம் தெரியாதுன்னு பேசினா ஓட்டு வரும்.

கதாநாயகன்தான் ஜெயிப்பான்னு பயப்படவும் வேணாம். மை ஹீரோ அகாடமியாவுல டெக்குதான் ஹீரோ, ஆனா அங்க நடந்த முதல் ஓட்டெடுப்புக்கு அப்புறம் பாக்குகோ திரும்பத் திரும்ப முதல் இடத்துல வந்து உக்காந்தான். அதே சமயம் ஒன் பீஸ் ஆயிரமாவது அத்தியாயத்துக்காக 2021ல நடந்த உலக ஓட்டுல ஹீரோ லூஃபிதான் முதல், சோரோ ரெண்டாவது, நாமி மூணாவது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குணம் இருக்கு, உங்க குரூப்போட குணம் என்னன்னு போன வருஷ ரிசல்ட்ட எடுத்து வச்சு ஒரு தடவ பாத்துக்கங்க.

ஓட்டு முறை தெரியாம பேசறது ரூல் தெரியாம கேரம் ஆடற மாதிரி. அந்த ஒன் பீஸ் ஓட்டுல ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓட்டு, ஜனவரி ஆரம்பிச்சு பிப்ரவரி கடைசி வரைக்கும் நடந்துச்சு, அந்த மாதிரி போட்டியில ஒரு மாசம் தினமும் போடற ஒருத்தர் ஒரே ஒரு தடவ போட்டுட்டு மறந்துபோற 30 பேருக்குச் சமம். அங்க பேச்சுத் திறமைய விட ஞாபகப்படுத்தற ஆளுதான் முக்கியம், சாயங்காலம் ஒரே நேரத்துல ஒரு சின்ன மெசேஜ், ஒரு படம், போதும். ஒரே லிஸ்ட்ல எல்லாரையும் போட்டு ஆளுக்கு ஒரு ஓட்டுன்னா வேற பிரச்சனை, ஒரே தொடர்லேர்ந்து மூணு பேரு நின்னா ஓட்டு பிரிஞ்சிடும். நூறு பேருல 45 பேரு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் ஃபேன்ஸ்னு வைங்க, எட்வர்டுக்கு 18, மஸ்டாங்குக்கு 15, ஹியூஸுக்கு 12ன்னு போயிடுச்சு, லீவாய்க்கு மொத்தமா 25 விழுந்துச்சுன்னா லீவாய் ஜெயிச்சாச்சு, 45 பேரு கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதனால நாமினேஷன் நேரத்துலயே மத்த ரெண்டு கேரக்டர் ஆளுங்களோட உக்காந்து பேசுங்க, இந்த வருஷம் யாரு, அடுத்த வருஷம் யாருன்னு. எங்க ஆளுங்க லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுல ஒரு தே தாரிக் டீய வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசி இத முடிச்சாங்க, நேர்ல பேசினா சீக்கிரம் முடியுது. இல்லன்னா ஒருத்தரே பல பேருக்குப் போடற மாதிரி செட்டிங் வைக்கச் சொல்லுங்க, டெலிகிராம்ல அது இருக்கு.

டெலிகிராம்ல பேரு தெரியாம ஓட்டு விடலாம், நாம போட்டாத்தான் ரிசல்ட்டும் தெரியும். வாட்ஸ்அப்புல யாரு யாருக்குப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா பேரு தெரியற இடத்துல ஜூனியர் பசங்க சீனியர் போட்ட பக்கமே போடுவாங்க, கூச்சம்தான். அங்க நீங்க பேசறதவிட, குரூப்புல எல்லாரும் மதிக்கற ஒரு அக்காவோ அண்ணனோ முதல் மணி நேரத்துல ஓட்டுப் போடறது பெரிய வித்தியாசம் பண்ணும். எனக்குக் கேட்டா பேரு தெரியாம போடறதுதான் நியாயம், அட்மின்கிட்ட அதையே கேளுங்க, அதுல உங்க ஆளு தோத்தாலும் பரவால்ல.

இப்ப மெயினான விஷயத்துக்கு வரேன். ஓட்டு வாங்கித் தர்றது ஒரே ஒரு சீன்.

முதல் வருஷம் நான் நருட்டோ தொடர்ல வர்ற ராக் லீங்கற பையனுக்காக நின்னேன். ஏழு பாயின்ட் எழுதினேன், நிஞ்சுட்சுங்கற நிஞ்ஜா வித்தை வராது, கெஞ்சுட்சுங்கற மாய வித்தை வராது, தைஜுட்சுங்கற கை கால் சண்டைய மட்டும் வச்சுக்கிட்டு முன்னேறினான், கடுமையா உழைச்சான், நட்பு, விடாமுயற்சின்னு ஓ லெவல் பரீட்சைக் கட்டுரை மாதிரி எழுதி அனுப்பினேன். எல்லாம் உண்மை, ஒருத்தரும் அசையல. அப்புறம் மேட்ச் முடிஞ்சப்புறம் வேற ஒரு தம்பி சும்மா போற போக்குல எழுதினான், "அக்கா, கைங்கற அவனோட மாஸ்டர் கழட்டுன்னு சொல்வாரு, இவன் சிலை மேல நின்னுக்கிட்டு கால்ல கட்டியிருக்கற வெயிட்ட கழட்டி சும்மா கீழ போடுவான், எல்லாரும் அவ்ளோதானான்னு பாப்பாங்க, அது தரையில விழுந்ததும் குண்டு விழுந்த மாதிரி புழுதி கிளம்பும் பாருங்க, அப்பதான் எல்லாருக்கும் புரியும் இவன் இத்தன நாளா அதக் கட்டிக்கிட்டுத்தான் ஓடிக்கிட்டு இருந்தான்னு." அந்த ஒரு மெசேஜுக்கு 40 ஹார்ட் வந்துச்சு. ஓட்டு முடிஞ்சு போச்சு, ஆனா எனக்கு அன்னைக்குத்தான் விளங்கிச்சு. விடாமுயற்சின்னு நான் எழுதினேன், அவன் அந்த வார்த்தையச் சொல்லவே இல்ல, புழுதியக் காட்டினான்.

அதனால உங்க ஆளோட குணத்த சொல்லாதீங்க, குணம் தெரியற ஒரு நிமிஷத்த சொல்லுங்க. அத எப்படி எடுக்கறதுன்னா, தொடர திரும்ப ஒரு தடவ பாருங்க, முழுசா வேணாம், அந்தக் கேரக்டர் வர்ற எபிசோட் மட்டும், பாக்கறப்ப எங்க உங்களையறியாம ஃபோன கீழ வச்சுட்டு நிமிர்ந்து பாக்கறீங்களோ அந்த இடத்த குறிச்சு வைங்க, எத்தனாவது எபிசோட், எத்தனாவது நிமிஷம்னு. பெரிய சண்டைக் காட்சியா இருக்கணும்னு இல்ல. நான் மூணாவது வருஷத்துலேர்ந்து ஹியூஸுக்காக நிக்கறேன், ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்ல வர்ற லெப்டினன்ட் கர்னல், அந்தக் கதையில ஆல்கெமியே தெரியாத ஆளு, சூப்பர் பவர் எதுவும் கிடையாது. அவருக்காக நான் எடுத்த சீன் என்னன்னா, ராணுவ ஆபீஸ் ஃபோன்ல கூப்பிட்டு ஃப்ரெண்டு மஸ்டாங்கிட்ட தன்னோட பொண்ணப் பத்திப் பெருமை பேசுவார், ஏதோ அவசரம்னு நெனச்சு எடுக்கற மஸ்டாங் கடுப்பாயிடுவார், இவரு நிறுத்தமாட்டார். அவ்ளோதான். இத நான் எழுதறப்ப கடைசியில ஒரே ஒரு வரி சேர்த்தேன், எங்கப்பா ஷிப்யார்டுல வேலை பாத்தப்ப ஃபோர்மேன் ஃபோன வாங்கி எங்க அத்தைக்குப் பேசி எனக்கு நடனத்துல பரிசு கெடச்சத சொன்னாராம், அத்தை இன்னைக்கும் அதச் சொல்வாங்கன்னு. குரூப்புல பாதி பேரோட அப்பா அப்படித்தான். அந்த ரவுண்டுல நாமிய 11 ஓட்டுல தாண்டினோம்.

உங்க வாழ்க்கைலேர்ந்து எடுக்கற அந்த ஒரு வரி உண்மையா இருக்கணும், ரொம்ப முக்கியம். ஓட்டுக்காக இட்டுக் கட்டினா படிக்கறவங்களுக்கு வாசனை தெரிஞ்சிடும்.

சீன் சரியா வேலை செய்யுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு, அனிமேவே பாக்காத ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க. எனக்கு அம்மாதான். துணி மடிச்சுக்கிட்டே கேப்பாங்க, நடுவுல "அப்புறம்?"னு கேட்டாங்கன்னா சீன் ஓகே, "சோறு எடுத்து வைக்கவா"ன்னு கேட்டாங்கன்னா வேற சீன் தேடணும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள, கதையோட முன்கதை எதுவும் சொல்லாம, பேருங்க ரெண்டுக்கு மேல வராம சொல்ல முடியணும். நாலு பேரு வந்தாலே வெளி ஆளுக்குக் குழப்பம்தான்.

எந்த வெர்ஷன்னு சொல்லவும் மறக்காதீங்க. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 2003ல ஒண்ணு வந்துச்சு, 51 எபிசோட், 2009ல பிரதர்ஹுட்னு இன்னொண்ணு, 64 எபிசோட், ரெண்டும் பாதிக்கு மேல வேற வேற கதை, மாங்காவ ஒட்டிப் போறது ரெண்டாவதுதான். நான் ஒரு சீன சொல்லி இன்னொருத்தர் "அப்படி வரவே வரலியே"ன்னு சொல்லி, அரை நாள் அதுலயே போச்சு, கடைசியில பாத்தா ரெண்டு பேரும் பாத்தது வேற வேற.

எதிராளிய எப்படி நடத்தறதுங்கறது அடுத்தது. விஜய் ரசிகர் அஜித் ரசிகர் சண்டைய நாம எல்லாரும் பாத்து வளர்ந்தவங்க, கையில அந்தப் பழக்கம் தானா வரும், "உங்காளு டம்மி"ன்னு டைப் பண்ணிடுவோம். கொஞ்சம் நிறுத்துங்க. பட்டிமன்றத்துல செஞ்சோற்றுக் கடன் தீர்த்ததுல சிறந்தவன் கர்ணனா கும்பகர்ணனான்னு பேசுவாங்க, நல்லா பேசறவங்க கும்பகர்ணன திட்டி கர்ணன உயர்த்த மாட்டாங்க, கும்பகர்ணன் எவ்ளோ பெரியவன்னு மொதல்ல சொல்லிட்டு, அப்படிப்பட்டவனையே தாண்டி நிக்கறான் கர்ணன்னு முடிப்பாங்க. அதையே பண்ணுங்க. நாமி மேட்ச்ல நான் முதல் மெசேஜே நாமியப் பத்தித்தான் போட்டேன், காற்ற வாசிச்சு கப்பல நடத்தறவ இல்லாம அந்தக் கப்பல் ஒரு நாள் தாங்காது, லூஃபிக்கே தெரியும்னு. அது மனசாரச் சொன்னது, எனக்கு நாமிய புடிக்கும். மேட்ச் முடிஞ்சதும் நாமி ஆளுங்கள்ல ஒரு பத்துப் பதினஞ்சு பேரு அடுத்த ரவுண்டுல பாக்குகோவுக்கு எதிரா எங்க பக்கம் வந்தாங்க, அவங்க இல்லன்னா அந்த ரவுண்ட நாங்க தாண்டியிருக்க மாட்டோம்.

நம்ம மொழியில இன்னொரு வசதி இருக்கு, நீ, நீங்க. சண்டை எந்த நிமிஷத்துல கெட்டுச்சுன்னு மேல போய்ப் படிச்சுப் பாத்தீங்கன்னா "நீங்க" வந்து "நீ" ஆன இடம்தான் அது, அடுத்து "டேய்" வரும், அதுக்கப்புறம் அந்த நூறு பேரு குரூப்ப மியூட் பண்ணிடுவாங்க. வயசுல சின்னப் பையனா இருந்தாலும் விவாதம் நடக்கறப்ப நான் நீங்கன்னுதான் எழுதுவேன், "தம்பி, நீங்க சொன்ன சீன் நல்லா இருந்துச்சு, ஆனா ஒண்ணு பாருங்க"ன்னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவரும் கையத் தூக்க மாட்டார். ஃப்ரெண்டுங்க தனியா டா போட்டுக்கறது வேற, பொதுவுல வேணாம்.

ஸ்பாய்லர், அதாவது கதையில பின்னாடி வர்றத முன்னாடியே போட்டு உடைக்கறது, அதப் பத்தி நான் கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா இதுல நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். ரெண்டாவது வருஷம் நருட்டோல வர்ற இட்டாச்சிக்கு எதிரா பேசறப்ப, கோவத்துல, அவரப் பத்தி ரொம்பப் பின்னாடி தெரிய வர்ற ஒரு விஷயத்த அப்படியே போட்டு உடைச்சிட்டேன். அப்ப குரூப்புல செகண்டரி ரெண்டு படிக்கற ஒரு பையன் இருந்தான், நருட்டோவ நல்லா ரசிச்சு, வாரத்துக்கு ரெண்டு எபிசோட்னு தாத்தா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தவன். எனக்குத் தனியா ஒரு மெசேஜ் அனுப்பினான், "பரவால்ல கா"ன்னு மட்டும். அப்புறம் அவன் அந்தத் தொடர பாக்கறத நிறுத்திட்டான்னு அவனோட அக்கா சொன்னாங்க. அந்த விஷயத்துக்கு எழுதினவரு எத்தனையோ வருஷம் காத்திருந்து சரியான நேரத்துல திறந்து காட்டினார், நான் ஒரு ஓட்டுக்காக ஒரு நொடியில உடைச்சுட்டேன். மன்னிப்புக் கேட்டேன், ஆனா அவனுக்கு அந்த நிமிஷத்த என்னால திருப்பிக் குடுக்க முடியாதுல்ல.

அதுலேர்ந்து நான் வச்சிருக்கற கட்டுப்பாடு, தொடரோட முதல் கால்வாசிக்குள்ள வர்ற சீன் மட்டும்தான் பொதுவுல பேசுவேன். யாரு செத்தா, யாரு துரோகி, யாரு யாரோட அப்பா, இந்த மூணையும் தொடவே மாட்டேன். சொல்லியே ஆகணும்னா டெலிகிராம்ல எழுத்த மறைச்சு அனுப்பற வசதி இருக்கு, எழுத்த செலக்ட் பண்ணி ஸ்பாய்லர்னு குடுத்தா புள்ளி புள்ளியா மறைஞ்சிடும், தொட்டாத்தான் தெரியும், மேல எந்தத் தொடர், எந்த எபிசோட் வரைக்கும்னு வெளியவே எழுதிடுங்க. இப்படிக் கையக் கட்டிக்கிட்டா வாதம் பலவீனமாயிடும்னு நெனைக்காதீங்க, நல்ல கேரக்டருக்கு அவரு யாருன்னு காட்டற சீன் ஆரம்பத்துலயே வந்திருக்கும், அது இல்லாத கேரக்டருக்கு ஓட்டுக் கேக்கறதே கஷ்டம்.

நேரம். எங்க போட்டி ராத்திரி பத்து மணிக்கு மூடும், அதனால நான் ரெண்டே தடவதான் எழுதுவேன், காலையில ஆபீஸ் போறவங்க எம்ஆர்டியில இருக்கற நேரத்துல சீன், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வரி ஞாபகப்படுத்தல். ஈசூன்லேர்ந்து சிட்டி ஹால் போக அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அந்த நேரத்துல படிக்கற மாதிரி நீளம் இருக்கலாம், ராத்திரி அந்த நீளம் யாருக்கும் வேணாம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் தனி, என்எஸ்ல, அதாவது கட்டாய தேசிய சேவையில இருக்கற பசங்க புக் இன் பண்ணி முகாமுக்குத் திரும்பறதுக்கு முன்னாடி பஸ்ல உக்காந்து வாரம் பூரா விட்டுப்போன மெசேஜ் எல்லாத்தையும் படிப்பாங்க, என் தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும், அந்த நேரத்துல நல்ல சீனா ஒண்ணு போடுங்க. செப்டம்பர் கடைசிலேர்ந்து நவம்பர் நடு வரைக்கும் போட்டியே வைக்காதீங்க, பிஎஸ்எல்இ, ஓ லெவல் பரீட்சைன்னு பாதி வீட்டுல ஃபோன் அம்மா கையில இருக்கும். நவம்பர் கடைசியில சன்டெக்ல அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா நடக்கற சமயம் ரொம்ப நல்ல நேரம், எல்லாரும் அதே மூடுல இருப்பாங்க.

வெளிநாட்டுப் பெரிய போட்டின்னா மூடற நேரம் எந்த ஊரு நேரம்னு பாருங்க. ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, அங்க நடுராத்திரின்னா இங்க பதினொரு மணிதான், பன்னண்டு வரைக்கும் டைம் இருக்குன்னு நெனச்சு கடைசி நாள் ஓட்ட விட்டவங்க எங்க குரூப்புலயே இருக்காங்க. அமெரிக்கா மேற்குக் கரை நேரம்னு போட்டிருந்தா அங்க நடுராத்திரி நமக்கு மத்தியானம் மூணு மணி, அவங்க ஊரு குளிர்காலத்துல நாலு மணி.

கள்ள ஓட்டு வேணாம். விபிஎன், பத்து ஈமெயில், தானா ஓட்டுப் போடற பாட், இதெல்லாம் பெரிய போட்டிகள்ல கண்டுபிடிச்சு மொத்தமா கழிச்சிடுவாங்க, நியாயமா விழுந்த ஓட்டும் சேர்ந்து சந்தேகத்துல போகும். வீட்டுல அம்மா ஃபோன எடுத்து நீங்களே தட்டினா அதுவும் கள்ள ஓட்டுதான், ஆனா அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு கேரக்டரோட சீனையும் காட்டி, அவங்களே விரல வச்சா அது நல்ல ஓட்டு, அவங்க எதிராளிக்குப் போட்டாலும். எங்கம்மா ஒரு வருஷம் நாமிக்குத்தான் போட்டாங்க. அதிகமா ஆள் திரட்டறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. 2017ல கிரஞ்சிரோல்ங்கற அனிமே சைட்டோட விருது முதல் தடவ ஃபேன்ஸ் ஓட்டுல நடந்தப்ப யூரி ஆன் ஐஸ் போட்டியிட்ட ஏழு பிரிவையும் மொத்தமா அள்ளிச்சு, அது நல்ல தொடர்தான், அந்த ஃபேன்ஸ் மேல தப்பே இல்ல, ஆனா அதுக்கப்புறம் நடுவர்கள் ஓட்டுக்குத்தான் எடை கூடிச்சு. ஒரு பக்கமே எல்லாத்தையும் அள்ளினா மத்தவங்களுக்கு அடுத்த வருஷம் வரணும்னே தோணாது, அதனால நாங்க ஒரு தொடருக்கு நாலு கேரக்டருக்கு மேல கூடாதுன்னு வச்சிருக்கோம்.

எதிராளியோட ஸ்கூல், ஃபோட்டோ, வீட்டு புளோக் நம்பர், இத எடுத்துப் போடறது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. துன்புறுத்தல் தடுக்கற சட்டம் இங்க 2014லேர்ந்து இருக்கு, ஒருத்தர துன்புறுத்தணும்னு அவரோட விவரத்த ஆன்லைன்ல வெளிய விடறத 2019ல அதுல குற்றமா சேர்த்தாங்க. குரூப்புல யாராவது அப்படிப் போட்டா உடனே அட்மின்கிட்ட சொல்லி அழிக்க வைங்க, உங்க அணி ஆளா இருந்தாலும்.

ரிசல்ட் ராத்திரி என்ன பண்ணணும்னா, ஜெயிச்சா பத்து நிமிஷம் எதுவும் எழுதாதீங்க, தோத்தவங்க பேசட்டும். தோத்தா முதல் மெசேஜ் நீங்க போடுங்க, எதிராளி சொன்னதுல உங்களுக்கு நெஜமாவே புடிச்ச சீன் எதுன்னு பேரச் சொல்லி எழுதுங்க, சும்மா வாழ்த்துகள்னு ஸ்டிக்கர் போடறது வேணாம். போன ஜூன்ல அரையிறுதியில லீவாய்கிட்ட 7 ஓட்டுல தோத்தோம். நான் அன்னைக்கு ராத்திரி லீவாய் அணியில பேசின பாலிடெக்னிக் தம்பிக்கு அப்படி ஒண்ணு எழுதினேன், அவன் திருப்பி "அக்கா, ஹியூஸ் எந்த எபிசோட்லேர்ந்து வராரு, நான் ஃபுல்மெட்டல் பாத்ததே இல்ல"ன்னு கேட்டான். பிரதர்ஹுட், முதல் எபிசோட்லேர்ந்தே பாருங்க, எதையும் தாண்டாதீங்கன்னு சொன்னேன். லீவு, பரீட்சைன்னு விட்டு விட்டுப் பாக்கறான், நேத்து எட்டாவது எபிசோட் முடிச்சுட்டு "செம ஆளு கா இவரு"ன்னு அனுப்பியிருந்தான். நான் ஒரு ஹார்ட் மட்டும் போட்டுட்டு ஃபோன கீழ வச்சுட்டேன்.